ஊருணி யாருடையது?



தென்னூரில் வாழும் நமக்கு மழை என்பது குடையைத் தேட வைக்கும் ஒரு நிகழ்ச்சி, பெரும்பாலும் அவ்வளவே. வடக்கே காவிரியும் கொள்ளிடமும் இருக்கின்றன. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் நகரின் ஊடே செல்கிறது. ஆயினும் நம் மாவட்டத்திலேயே மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கம் சென்றால் நிலை வேறு. அங்கே வானம் தருவதே நீர். பிடித்து வைத்தால் உண்டு; ஓடவிட்டால் இல்லை.

வானம் தருவது சிறிதன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். அந்தக் கணக்கில், 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டரைக் கொட்டிவிடுகிறது. தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில், அதுவும் சில நாள்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. சில நாள் மழையை ஆண்டு முழுவதும் வைத்து உண்பது எப்படி என்பதே வறண்ட சீமையின் பழைய கேள்வி. அதற்கு நம் முன்னோர் கண்ட விடைதான் ஏரி, கண்மாய், குளம், ஊருணி.

கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்குப் பல ஊர்களில் கிணறு தோண்டினால் உப்புநீர்தான். எனவே மழைநீரைத் தனியே ஒரு பள்ளத்தில் தேக்கி, கரை கட்டி, வேலியிட்டு, அதில் குளிக்கவோ துணி துவைக்கவோ மாடு இறக்கவோ கூடாதென்று ஊரே விதி செய்துகொண்டது. கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கோடையில் நீர் வற்றினால், பெண்கள் ஊருணியின் தரையிலேயே ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புவார்கள். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதை, குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கும் நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நீர்நிலைகளைக் காத்தவர் யார்? பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் என்ற குழு குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஊரார் ஆண்டுதோறும் வரத்துக்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மடையைச் செப்பனிட்ட பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கில ஆட்சி நிலவரியைக் கறாராக வசூலித்தது. ஆனால் ஊரின் வருவாயிலிருந்து ஏரிக்கென ஒதுக்கிவந்த பங்கைக் காக்கவில்லை. குடிமராமத்து தேய்ந்தது. பின்னர் 1858இல் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றினார்கள். மனமுவந்து செய்த பணியைச் சட்டத்தால் வாங்கிவிட முடியுமா? விடுதலைக்குப் பின் பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஊரார் மனத்தில் ஏரி ‘சர்க்கார் ஏரி’ ஆயிற்று. உள்வாயில் சீமைக்கருவேல் வளர்ந்தது.

மீண்டும் ஊராரைக் கூட்டும் முயற்சிகள் நடக்காமலில்லை. 1992இல் மதுரைப் பகுதியில் தொடங்கி, பின்னர் தானம் அறக்கட்டளையின் வழியே வளர்ந்த வயலகங்கள் அத்தகையவை. கண்மாயால் பயன்பெறுவோர் சங்கமாகச் சேர்ந்து, செலவில் ஒரு பங்கைத் தாமே பணமாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்பது அங்கு விதி. இராமநாதபுரத்தில் ஊருணிகளும் இவ்வாறே புதுப்பிக்கப்பட்டன. நமக்கு இன்னும் அருகில், கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணியில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. மறு ஆண்டே அவ்வட்டார இளைஞர்கள் ‘கைஃபா’ என்ற அமைப்பாகத் திரண்டு, ஊராரிடமும் வெளிநாடுகளில் வாழ்வோரிடமும் நன்கொடை திரட்டி, அங்குள்ள பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஊரின் பெயரிலேயே ஊரணி இருப்பதைக் கவனித்தீர்களா?

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். ‘ஊரார்’ என்று நாம் இனிமையாகச் சொல்கிறோமே, அந்த ஊருக்குள் யார் யார் அடக்கம்? பழைய ஊருணியின் விதிகளைப் போற்றுகிறோம். அவ்விதிகளில் ஒன்று, தாழ்த்தப்பட்ட மக்கள் அதன் படியில் இறங்கலாகாது என்பதாகவும் பல ஊர்களில் இருந்தது. கரைக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது இரங்கி ஊற்றமாட்டார்களா என்று காத்திருந்த தாய்மார் எத்தனை பேர்! இதில் ஒரு கொடுமையையும் சொல்லவேண்டும். கண்மாயின் மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பாரபட்சமின்றிப் பங்கிட்ட நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்பவர் பல ஊர்களில் அந்தச் சேரியைச் சேர்ந்தவரே. ஊரின் நீரை அவர் கையில் நம்பிக் கொடுத்தார்கள். குடிநீரில் மட்டும் அந்தக் கை படக்கூடாதாம்.

சட்டம் இதை மாற்றவில்லையா? மாற்றியது, தாளில். மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில், சவுதார் குளம் எல்லாருக்கும் உரியது என நகராட்சி 1924இலேயே முடிவு செய்திருந்தது. எனினும் 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் பெருங்கூட்டத்தோடு சென்று நீரை அள்ளிப் பருகியபோது, வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பின்னர் குளத்துக்குத் ‘தீட்டுக் கழிப்பும்’ நடந்தது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மக்களுக்குச் சாதகமாக முடிய 1937 ஆயிற்று. கிணறும் குளமும் படித்துறையும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுவது இந்தப் பின்னணியில்தான். நம் கல்லறைத் தோட்டங்களிலேயே பிரிவுச் சுவர்களைக் கண்டவர்கள் நாம். ஆகவே இதை மற்றவர் கதையாகப் படித்துக் கடந்துவிட இயலாது.

இதைச் சொல்வது நீதிக்காக மட்டுமன்று, ஊருணியின் ஆயுளுக்காகவும்தான். பொக்லைன் இயந்திரம் ஒரு வாரத்தில் குளத்தை ஆழப்படுத்திவிடும். ஆனால் அடுத்த ஆண்டு வரத்துக்கால் அடைபடாமல் காப்பதும், கரையைத் தோண்டி மண் எடுப்பவரைத் தடுப்பதும், குப்பை விழாமல் பார்ப்பதும் இயந்திர வேலையன்று. தனக்கு உரிமையில்லாத நீருக்கு யார் காவல் நிற்பார்? தெருவில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் தூர்வாரல், புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

நம் சிற்றூர்ப் பங்குகளில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு. எந்த வீடும் விடுபடாமல் குறிப்பேட்டில் ஏறும், கணக்கும் வாசிக்கப்படும். ஊருணிக்கும் அதே குறிப்பேட்டைத் திறக்கலாம். எல்லாத் தெருவினரும் ஒரே தொகை, ஒரே நாள் உழைப்பு. பெண்களும் குழுவில் இருக்கவேண்டும், ஏனெனில் குடம் சுமப்பவர் அவர்களே. கிராம சபை கூடும் ஆகஸ்டு 15 இதைப் பேச ஏற்ற நாள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் காலம் போதாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கிவிடும். புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்காலைத் தலைப்பிலிருந்து ஊருணி வாய்வரை ஒருமுறை நடந்தே பார்த்து, எங்கெங்கே அடைப்பு என்று குறித்துக்கொள்ளவேண்டும். அந்த நடைக்கு எந்தத் தெருவிலிருந்து யார் வருகிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.