அழிந்த மூன்று மாதங்கள்: அரச கணினி ஒப்பந்தங்களும் எமது ஆவணங்களும்

2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி இலங்கை அரசின் மின்னஞ்சல் கட்டமைப்பு, கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. 12 மணித்தியாலங்களுக்குள் சேவை மீண்டதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை தெரிவித்தது. ஆனால் மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை.

மென்பொருள் ஒப்பந்தங்களில் ‘சேவை மட்ட உடன்படிக்கை’ என்றொரு பகுதி உண்டு. சேவை எவ்வளவு நேரம் இயங்கும், பழுதானால் எத்தனை மணித்தியாலத்தில் மீளும், எவ்வளவு தரவு இழக்கப்படலாம், தவறினால் தண்டம் என்ன என்பவற்றை அது வரையறுக்கும். 99.9 வீத இயக்கம் என்றால் மாதமொன்றில் சுமார் 43 நிமிடத் தடங்கலுக்கு மட்டுமே இடமுண்டு. ஆனால் இயக்க நேரம் வேறு, தரவுப் பாதுகாப்பு வேறு. கட்டமைப்பு அரை நாளில் எழுந்து நின்றது. மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்கள் எழவில்லை.

பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் தாமதித்ததாக முகவராண்மை விளக்கியது. இங்கே சேவை வழங்குவதும் அரசு, பெறுவதும் அரசு. தண்டம் விதித்தாலும் அது ஒரு பையிலிருந்து மறு பைக்குத்தான் போகும். கடிதம் அனுப்பிய குடிமக்களோ அந்த உடன்படிக்கையில் தரப்பினரே அல்லர்.

இது தனித்த சம்பவமுமல்ல. 2021 ஜூலையில் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச கிளவுட்டிலிருந்து அழிந்தமை குற்றப் புலனாய்வுத் திணைக்களம்வரை சென்றது.

எமக்கு இதில் என்ன இருக்கிறது? 1983 ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தருகே தொடங்கிய வன்முறையின்போது, வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகள் தேடப்பட்டன. அரச பதிவு தவறான கைக்குப் போனால் என்ன நடக்குமென்பதை நாம் அறிவோம். அது இல்லாமற்போனால் என்ன நடக்குமென்பதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அறிவார்கள். காணிக்கும் இழப்பீட்டுக்கும் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அலைபவர்களுக்கு, அனுப்பிய கடிதமே சான்று.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் மின்னஞ்சலையும் தகவலாகவே கொள்கிறது. புதிதாக உருவாகும் பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டுமென்கிறது. 12 ஆண்டுக் கடமைக்கு, மூன்று மாதம் காப்புப் பிரதியே இல்லாத ஏற்பாடு எப்படிப் பொருந்தும்?

அதே சட்டத்தின் கீழ் ஒவ்வொரு திணைக்களத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: காப்புப் பிரதி எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கப்படுகிறது? அது வேறிடத்தில் வைக்கப்படுகிறதா? மீளப் பெற முடியுமாவென இறுதியாக எப்போது சோதிக்கப்பட்டது? பதில் வரும்வரை, மின்னஞ்சலோடு பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதே புத்தி.