ஒரு ஃபிரேஸின் விலை
"ஃபிரேஸ் என்ன, கிளாஸ் என்ன! தெரியாவிட்டால் உலை கொதிக்காதா?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு சமாசாரம்.

எழுவாயும் முற்றுவினையும் கூடியிருந்தால் அது கிளாஸ் (காபி கிளாஸ் அல்ல!). இரண்டும் கூடாத சொற்கூட்டம் ஃபிரேஸ். 'ஆஃப்டர் ஸ்கூல்' ஃபிரேஸ். 'ஆஃப்டர் ஷீ கேம்' கிளாஸ். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலச் சட்டம், கெட்டுப் போகக்கூடிய உணவுப் பொருள்களைப் பதப்படுத்துவது முதலான வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்றது. அந்தப் பட்டியலின் கடைசியில், 'பாக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்றிருந்தது. 'டிஸ்ட்ரிபியூஷன்' தனி வேலையா, பாக்கிங் ஃபிரேஸுக்குள் அடக்கமா? தனி வேலையென்றால் பால் வண்டி டிரைவர்களுக்கு ஓவர்டைம் இல்லை. 'ஷிப்மென்ட்'டை அடுத்து ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் வழக்கே எழுந்திராது!

2017-ல் அப்பீல் கோர்ட், சட்டம் தெளிவாயில்லை என்று டிரைவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று.

ஆகையால், குழந்தை இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தால், "இந்தச் சொல் எதோடு சேர்ந்தது?" என்று கேட்டுப் பழக்குங்கள். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நீங்களும் அதையே கேளுங்கள்.