தராசு முள்ளும் பாய்மரமும்

வாழப்பாடியில் பாக்கு மூட்டைக்கு எடை கூடினால் விலை கூடும். பெண்ணுக்கு மட்டும் எடை கூடினால் மதிப்பு குறைகிறது. வரன் பார்க்கத் தொடங்கியதும் இரவுச் சோறு நிறுத்தப்பட்ட மாணவிகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். காலை இரண்டாம் மணி நேரத்திலேயே தலைசுற்றி மேசையில் கவிழ்கிறார்கள்.

அவர்களிடம் நான் நேத்ரா குமணனைப் பற்றிப் பேசுகிறேன். சென்னைப் பெண். பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021இல் டோக்கியோவில் 35ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். பதக்கம் எங்கே என்று உதடு பிதுக்குவோர், அந்தப் படகு ஓர் உடலிடம் என்ன கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

அவர் ஓட்டுவது லேசர் ரேடியல். இப்போது ஐஎல்சிஏ 6 என்று பெயர். ஒருவர் மட்டுமே செலுத்தும் படகு. பாயும் மரமும் சேராத வெறும் படகே ஏறக்குறைய 59 கிலோ. காற்று பாயை அழுத்தினால் படகு ஒருபக்கம் சாயும். ஓட்டுகிறவர் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, உள்ளேயிருக்கும் பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, உடலைத் தண்ணீருக்கு மேல் நீட்டிச் சாய வேண்டும். தொடையும் வயிறும் முதுகும் இறுகி நின்றால்தான் படகு நிமிரும், நிமிர்ந்தால்தான் வேகம். பலத்த காற்றில் மெலிந்த உடல் திணறிப்போகும். அங்கே எடைதான் பலம். அதைச் சாப்பிட்டும் பளு தூக்கியும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்கள் ஓட்டும் ஐஎல்சிஏ 7க்கும் இதே படகுதான். அதன் பாய் 7.06 சதுர மீட்டர். இதன் பாய் 5.76. எடை குறைந்தவர்களும் ஓட்டுவதற்காகப் பாயைச் சிறிதாக வெட்டினார்கள். குறையை உடலில் தேடவில்லை.

‘கடலும் காசும் உள்ளவர்கள் விளையாட்டு, நமக்கென்ன?’ என்பார்கள். காசு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தூக்கிவிடும் பெண்ணுக்கும் இதே தொடைதான், இதே முதுகுதான். அவள் பலத்தைக் கூலிக்கு வாங்கத் தெரிந்த ஊர், அவள் மகள் திடமாக வளர்ந்தால் ‘ஆம்பளை மாதிரி இருக்கா’ என்கிறது. தாயிடம் வேலை வாங்கும்போது தேவைப்படும் உடல், மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஆகாததாகிவிடுகிறது.

மாணவிகளே, தராசில் ஏறுங்கள். இந்த எடையைக் கொண்டு எதை நிமிர்த்தலாம் என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இரவுச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மாலையில் பையன்கள் மட்டுமே நிற்கும் மைதானத்தில் உங்கள் பாதியையும் கேட்டு வாங்குங்கள்.