250-க்கும் 1,500-க்கும் இடையே



என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையைச் சென்ற வாரம் கோயிலில் சந்தித்தேன். மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான், விமானியாக வேண்டும் என்கிறான். அமெரிக்காவில் விமானிகளுக்குப் பஞ்சமாம், அங்கே பயிற்சி முடித்தால் நேரே பெரிய விமானத்தில் அமர்த்திவிடுவார்களாம், உண்மையா ஐயா என்று கேட்டார். வீட்டை அடகு வைக்கும் எண்ணத்தில் இருக்கிறார். நின்றபடி நான் சொன்னது போதவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். (வெளிநாட்டவர் அங்கே வேலை செய்யும் உரிமை பெறுவது தனிச் சிக்கல்; அதை விட்டுவிடுகிறேன்.)

அமெரிக்காவில் புதிய விமானி பெரும்பாலும் வட்டார நிறுவனத்தில்தான் தொடங்குகிறார். இந்நிறுவனங்கள் சிறுநகரங்களிலிருந்து பெரிய நிலையங்களுக்குப் பயணிகளைக் கொண்டு சேர்ப்பவை. விமானத்தின் மேல் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓட்டுபவரோ வேறு நிறுவனத்தின் ஊழியர். அந்த வட்டார நிறுவனத்தில் நுழைவதற்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமானவியல் பட்டதாரிக்கு 1,000, படைத்துறையிலிருந்து வருபவருக்கு 750 எனச் சலுகைகள் உண்டு. பயிற்சி முடித்து உரிமம் பெறும்போது கையில் இருப்பது ஏறத்தாழ 250 மணி நேரம்தான்.

மீதியை எப்படிச் சேர்ப்பது? பலர் பயிற்றுநராகி, அடுத்து வருபவருக்குக் கற்பிக்கிறார்கள். நம் தொழிலை வெறும் படிக்கட்டாக எண்ணுகிறார்களே என்று முதலில் எனக்கு உறுத்தியது. ஆயினும், மாணவன் செய்யப்போகும் பிழையை முன்னரே கண்டுகொள்ளும் பழக்கம் கற்பிப்பவருக்கு மட்டுமே வாய்க்கும். அந்த ஏணியில் ஆகச் சிறந்த படி அதுவே என்பது என் கருத்து.

இந்த 1,500 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் என்னும் வட்டார நிறுவனத்தின் விமானம் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகருக்கு அருகே வீடொன்றின் மேல் விழுந்து 50 பேர் மாண்டனர். வேகம் குறைந்து இறக்கைகள் தாங்கும் விசையை இழக்கத் தொடங்கியபோது மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி, அதை மேலே இழுத்தார். இறந்தவர்களின் குடும்பத்தார் விடாது போராடியதன் பயனாக 2010-இல் சட்டம் வந்தது. 2013-இல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அன்று விமானி அறையில் இருந்த இருவருமே 1,500 மணி நேரத்தைக் கடந்தவர்கள். தலைமை விமானி முன்னர்ச் சில தேர்வுகளில் தவறியவர். துணை விமானியாக இருந்த பெண், பெற்றோருடன் சியாட்டலில் வசித்தவர். முதல் நாள் இரவு முழுதும் நாட்டின் மறுகோடியிலிருந்து பறந்து வந்து பணியேற்றவர். அவருடைய ஆண்டு ஊதியமாக விசாரணையில் பேசப்பட்ட தொகை ஏறத்தாழ 16,000 டாலர். இதற்கு மருந்து மணிக்கணக்கா? பள்ளிக்கு வந்த நாள்களை எண்ணி மாணவனின் கல்வியை அளப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. ஓய்வு நேரத்தையும் பயிற்சியையும் பற்றிய விதிகளும் பின்னர்த் திருத்தப்பட்டன என்பதை மறுக்கவில்லை. ஊதியம் மட்டும் நெடுங்காலம் கீழேயே கிடந்தது. பெருந்தொற்றுக்குப் பின் பெரிய நிறுவனங்கள் விமானிகளை ஈர்த்துக்கொள்ள, வட்டார நிறுவனங்கள் ஆளின்றித் தவித்தன. 2022-இல்தான் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மாண்ட் போன்றவை புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என உயர்த்தின. அறம் செய்யாததைப் பற்றாக்குறை செய்தது.

வட்டார நிறுவனத்தில் நுழைந்த பின்னும் ஏணி நீள்கிறது. தலைமை விமானியாக மேலும் 1,000 மணி நேரம் வேண்டும். என்வாய் போன்றவற்றில் பணிமூப்பு வரிசைப்படி அமெரிக்கனுக்கு மாறிச் செல்லும் ஒப்பந்தம் உண்டு. டெல்டா, யுனைடெட் நிறுவனங்களும் புகுவதற்குத் தனித் திட்டங்கள் வைத்துள்ளன. பெற்றோர் அறியாத ஒன்று, பணிமூப்பு உடன் வராது என்பது. வட்டார நிறுவனத்தில் தலைமை விமானியாக இருந்தவர், பெரிய நிறுவனத்தில் பட்டியலின் கடைசி எண்ணுடன் மீண்டும் துணை விமானியாக அமர்கிறார். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு விடுப்பு உண்டா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

அடகுப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், 250-க்கும் 1,500-க்கும் இடைப்பட்ட காலத்தில் மகனுக்கு யார் சம்பளம் தருவார், கடன் தவணையை யார் கட்டுவார் என்று பயிற்சி நிலையத்தாரிடம் எழுத்தில் கேட்டு வாங்குமாறு அந்தத் தந்தையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.