கரையிறங்கி நடப்போம்

சொகுசுக் கப்பலில் செல்வோர்க்குத் துறைமுக நகரங்களில் கிடைப்பது சில மணிநேரமே. ஆதலால், கரையிறங்கியதும் சுற்றுலாப் பேருந்தில் ஏறி, நான்கைந்து இடங்களில் படமெடுத்துத் திரும்புவோர் பலர். தொலைவிலுள்ள இடங்களுக்கு ஊர்தி வேண்டும்தான். ஆயினும், ஊரை அறியக் கால்களே ஏற்றவை.

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனை எண்ணிப் பாருங்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அப்பழைய நகரம், கப்பல் அணையும் துறைக்கு அருகிலேயே தொடங்கிவிடுகிறது. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழ் முசுலிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகியன அங்கே சில நிமிட நடையில் அமைந்துள்ளன. பேருந்தின் சாளரத்திற்கு அவை தனித்தனிக் கட்டடங்கள். நடப்பவர்க்கோ ஒன்றையொன்று மதித்து வாழும் அண்டை வீடுகள்.

நடப்பவர் தாகத்திற்குத் தேநீர்க் கடையை நாடுவார். வழிகேட்டு ஊராருடன் உரையாடுவார். அவர்தம் செலவில் ஒரு பகுதி சிறுகடைக்காரரையும் சேரும். பேருந்துப் பயணத்தில் இவ்விரண்டும் அரிது.

சில மணிநேரத்தில் ஒரு நகரை முழுமையாக அறிய இயலாது. ஒரு தெருவையேனும் உணர்ந்து அறியலாம். அதற்கு நடையே போதும்.