கேள்வி கேட்கும் வகுப்பறை வேண்டும்

"கையைக் கட்டு, வாயைப் பொத்து, சொன்னதைத் திருப்பிச் சொல்!" பள்ளிக்கூடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்குப் பிரேஸில் நாட்டு உழைப்பாளிகளின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

1963-ம் ஆண்டு. வடகிழக்குப் பிரேஸிலில் ஆங்கிகோஸ் என்ற வறண்ட ஊர். அன்று அந்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு கிடையாது. பண்ணையார்களுக்கு இது எவ்வளவு வசதி! உழுபவன் தற்குறியாக இருக்கும்வரை சட்டசபையில் அவன் குரல் ஒலிக்காது அல்லவா?

அங்கே பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் வகுத்த முறையில் சுமார் 300 பேருக்குப் படிப்பு நடந்தது. எடுத்த எடுப்பில் அரிச்சுவடியைத் திணிக்கவில்லை. வட்டமாக உட்கார வைத்து ஒரு படத்தைக் காட்டினார்கள். அதில் மரம், கிணறு, வீடு, மண்வெட்டி. இயற்கை தந்தது எது? மனிதன் செய்தது எது? விவாதம் வளர்ந்தது. கிணறும் வீடும் மனிதன் கையால் ஆனவை என்றால், பண்ணையும் கூலியும் மட்டும் விதியால் ஆனவையா? பிறகு, அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களைக் கொண்டே எழுத்துக்கூட்டப் பழக்கினார்கள். 40 மணி நேரப் படிப்பில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றனர்.

1964 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அதே மாதம் இந்தக் கல்வித் திட்டத்தை ரத்து செய்தது. ஃபிரெய்ரேயைச் சிறையில் தள்ளியது. பின்னர் அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. எழுத்தறியாதவர்களுக்கு ஓட்டுரிமை 1985-ல்தான் கிடைத்தது. துப்பாக்கி ஏந்தியவர்கள் அஞ்சியது அரிச்சுவடிக்கா? இல்லை, "ஏன்?" என்ற கேள்விக்கு!

"வயிறு காயும்போது தத்துவம் எதற்கு? முதலில் நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்று சில நண்பர்கள் சொல்லலாம். ஆங்கிகோஸில் கேள்வி எழுத்தைத் தடுக்கவில்லை. அதற்கு வழி திறந்தது.

நமது பிள்ளைகளின் வகுப்பறையிலும் வாரம் ஒரு மணி நேரமாவது இத்தகைய விவாதம் நடக்க வேண்டும். நியாயம் என்றால் என்ன? பலர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? காரணம் சொல்லவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும், தன் தவறைத் திருத்திக்கொள்ளவும் அங்கே பழகும் மகனும் மகளும்தான் நாளை சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் நிமிர்ந்து நிற்பார்கள். நெரிசலான வகுப்பில் ஓர் ஆசிரியர் தனியாக இதைச் செய்ய முடியாது. போதிய ஆசிரியர்களையும், அவர்களுக்குப் பயிற்சியும் கேட்டுப் பெற வேண்டியது பெற்றோராகிய நமது கடமை.

அதற்கு முன் இன்னொன்று, தோழர்களே! வீட்டில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டுவதை நாம் நிறுத்துவோம்.