காட்டு மரமும் கண்ணாடிக் குடுவையும்

கொடைக்கானல் மலையின் தென்னடிவாரத்தில், மஞ்சளாறு அணையை அடுத்துள்ள ஊர் தேவதானப்பட்டி. இவ்வட்டார உழவர்க்குத் ‘திசு வாழை’ புதிய சொல்லன்று. தாய்க்கன்றின் சிறு திசுவை நுண்ணுயிர் நீக்கிய ஊடகத்தில் வளர்த்து, ஒரே தன்மையுடைய கன்றுகளைப் பெருக்கும் முறையைக் கம்பம் பள்ளத்தாக்கு நன்கறியும். அதே திசு வளர்ப்புக்கு அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பயனும் உண்டு. அதில் கன்று உருவாவதே இல்லை. மூலிகையின் உயிரணுக்களை மட்டும் குடுவையில் பெருக்கி, அவற்றில் உண்டாகும் மருந்துப்பொருளைப் பிரித்தெடுப்பர்.

இது வெறுங்கனவன்று. ஜப்பானின் மிட்சுயி நிறுவனம், ஒரு மூலிகை வேரிலுள்ள சிவப்பு நிறப்பொருளான சிக்கோனினை 1983ஆம் ஆண்டளவில் இம்முறையில் வணிக அளவில் உருவாக்கியது. நிலத்தில் அவ்வேர் முதிரச் சில ஆண்டுகள் ஆகும். கலனிலோ சில வாரங்களே போதுமாயின.

அவ்வாறாயின் எல்லா மூலிகைகளையும் குடுவைக்கு மாற்றிவிடலாமா? கூடாது. ஒரு மூலிகை காட்டிலிருந்து வருகிறதா, கழனியிலிருந்து வருகிறதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நோத்தபோடைட்டிஸ் என்னும் சிறுமரம் வளர்கிறது. அதில் காம்ப்டோதெசின் என்னும் பொருள் இருப்பதை 1972இல் வேதியியல் அறிஞர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் வெளியிட்டனர். புற்றுநோய் மருந்துகள் சில இப்பொருளிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. உயிர்காக்கும் அப்பண்பே மரத்தின் உயிருக்கு உலையாயிற்று. காடுகளில் அது பெருமளவில் வெட்டப்பட்டது. குடுவை முதலில் தேவைப்படுவது இத்தகைய மரத்துக்கே. தடையும் சிறிதன்று: வேர், தண்டு என உருப்பெறாத உயிரணுத் திரளில் இப்பொருள் மிகக் குறைவாகவே உண்டாகிறது. எளிதில் பலன் தராத ஆய்வில் தனியார் முதலிடத் தயங்குவர். பொதுநிதி செல்ல வேண்டிய இடம் இதுவே.

செங்காந்தளின் நிலை வேறு. மாநில மலர் என்னும் பெருமை ஒருபுறமிருக்க, மலைக்கு வடக்கே ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அது பணப்பயிராகும். உழவர்கள் கொடியைப் படரவிட்டு, பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதையை விற்கின்றனர். மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதால் வரும் வலிக்கு மருந்தாகும் கோல்ச்சிசின் அவ்விதையில் உள்ளது. அதனைக் கலனில் ஆக்கத் தொடங்கினால், இத்தனை உழைப்பும் விலைபோகாது கிடக்கும். இங்குத் திசு வளர்ப்பு செய்யத்தக்கது வாழைக்குச் செய்ததையே: நோயற்ற நடவுக்கிழங்கை உழவருக்குக் குறைந்த விலையில் தருவது. தேவதானப்பட்டிக்கு அண்மையில், பெரியகுளத்திலேயே தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. மரத்துக்கு ஒருவகையும் கொடிக்கு மறுவகையுமான இவ்விரு பணிகளையும் தொடங்க அது தக்க இடம்.